உஷார்! ‘பார்ப்பம்’ என்ற சொல்லுக்குள் இரண்டு வருடம் போய்விடும்

காரில் அடிபட்டுக் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்க்க ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகிறீர்களா? சுகம் விசாரித்து முடிந்ததும் வீட்டாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விபத்து நடந்த திகதி என்ன? அந்தத் திகதியோடு இரண்டு வருடத்தைக் கூட்டிச் சுவர்க் கலண்டரில் எழுதச் சொல்லுங்கள். அதற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் பதியாவிட்டால், கால் போனாலும் கண் போனாலும், பிழை முழுக்கக் கார்க்காரருடையது என்று ஊரே சாட்சி சொன்னாலும், நட்டஈடு கேட்கும் உரிமை கைவிட்டுப் போகும். பிரிஸ்கிரிப்ஷன் ஓடினன்ஸ் என்று சட்டத்தரணிகள் சொல்லும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட சட்டம். இன்றைக்கும் கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் எத்தனையோ குடும்பங்களின் காசை விழுங்குகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2015இல், ஆடிவேல் முடிந்த கிழமை, என் சின்னம்மா வெள்ளவத்தையில் காலி வீதி மஞ்சள் கடவையில் நடந்துபோகும்போது ஒரு கார் அடித்தது. தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. பிளேட் வைத்தார்கள். அவர் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவர்; விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்படியில் நின்றால் ஏழு மணிவரை நின்றபடிதான். அந்த நிற்பு அன்றோடு முடிந்தது. கார்க்காரரின் காப்புறுதிக் கம்பனியில் இருந்து வந்தவர் நல்ல மனிதர், மரியாதையான மனிதர். “அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ. கோர்ட்ஸ் கேஸ் முடியட்டும், பார்ப்பம்” என்றார். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் போன் எடுப்போம். “ஃபைல் மேலிடத்தில இருக்கு, பார்ப்பம்.” நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தவணை தவணையாகத் தள்ளிப்போய், கடைசியில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். சந்தோசத்தோடு பிரதியை எடுத்துக்கொண்டு கம்பனிக்குப் போனோம். அங்கே முதல்முறையாக வேறொரு குரல் கேட்டது: இரண்டு வருடம் தாண்டிவிட்டதே, இனிக் கம்பனிக்குப் பொறுப்பில்லை.

ஓடிப்போய்ப் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம். அவர் எங்கள் கோப்பைத் திறக்கவே இல்லை. “எப்ப அடிபட்டது?” என்றுமட்டும் கேட்டார். சொன்னோம். மேசைக் கலண்டரைத் திருப்பி விரலால் எண்ணினார். பத்தொன்பது நாள் பிந்தியிருந்தோம். “இவ்வளவு நாளும் எங்க இருந்தனீங்கள் அம்மா?” என்றார். சின்னம்மா ஊன்றுகோலைப் பார்த்தபடி இருந்தார்.

அதனால்தான் எழுதுகிறேன். காப்புறுதிக் கம்பனியோடு நீங்கள் கதைத்துக்கொண்டிருக்கும் காலம் அந்த இரண்டு வருடத்தில் இருந்து கழியாது. கடிதம் எழுதினாலும் கழியாது, சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பினாலும் கழியாது, நீதவான் நீதிமன்ற வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் கழியாது. வழக்கு மனு மாவட்ட நீதிமன்றப் பதிவாளரிடம் போய்ச் சேர்ந்தால்தான் அந்த ஓட்டம் நிற்கும்.

நம் சனத்துக்கு இங்கேதான் பெரிய குழப்பம். பொலிஸ் போடும் வழக்கும் நட்டஈட்டு வழக்கும் ஒன்று என்று நினைக்கிறோம். பொலிஸ் சாரதியை நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்துவது அரசாங்கத்தின் சார்பில். அங்கே கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. நீதவான் சில வேளைகளில் காயப்பட்டவருக்கும் ஒரு தொகை கொடுக்கச் சொல்வதுண்டு. ஆறு மாதம் வேலைக்குப் போகாதவருக்கு அது எந்த மூலைக்கு? முழு நட்டஈடு என்பது மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களே உங்கள் பெயரில் பதியவேண்டிய தனி வழக்கு. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டது அங்கே உங்களுக்குத் துணையாக வரும். அதற்காக அது முடியும்வரை காத்திருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காத்திருக்கச் சொல்வது கம்பனிதான்.

கம்பனி எப்போது காசு கட்டும்? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்ட் பார்ட்டி காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் ஓட முடியாது. வாகனத்தால் சாகிறவருக்கும் காயப்படுகிறவருக்கும் வரும் பொறுப்பை ஈடுகட்டவே அது கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் வழக்கு கம்பனிமேல் அல்ல, ஓட்டியவர்மேலும் சொந்தக்காரர்மேலும். அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் அந்தத் தொகையைக் கம்பனி கட்டவேண்டும். இதற்குள் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது, பல பேர் விழுந்த கண்ணி. வழக்குப் பதிவதற்கு முன்போ, பதிந்து ஏழு நாளுக்குள்ளோ, கம்பனிக்கு வழக்கைப் பற்றி அறிவித்தல் கொடுத்திருக்கவேண்டும். கொடுக்காவிட்டால், பத்து வருடம் அலைந்து நீங்கள் வென்றாலும், கம்பனி ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. கையில் தீர்ப்பு இருக்கும். எதிரே கூலிக்குக் கார் ஓட்டுகிற ஒரு ஏழைச் சாரதி நிற்பார். அவரிடம் என்னத்தைப் பிடுங்குவது? உங்கள் சட்டத்தரணியிடம், “கம்பனிக்கு நோட்டீஸ் போய்விட்டதா, பதிவுத் தபால் துண்டு எங்கே?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தத் துண்டின் படத்தைப் போனில் வைத்திருங்கள்.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம், விபத்து நடந்த அந்த நிமிடத்துக்கு. கொழும்பில் இப்போது எல்லாமே ‘ஒன் த ஸ்பொட்’. இரண்டு பக்கக் கம்பனிகளில் இருந்தும் மோட்டார் சைக்கிளில் ஆள் வரும், படம் எடுக்கும், பம்பருக்கும் லைட்டுக்கும் கணக்குப் போடும், அரை மணித்தியாலத்தில் வீதி வெளித்துவிடும். தகரத்துக்கு அது நல்ல ஏற்பாடு. உடம்புக்கு அது பொறி. ஓட்டோவுக்குள் இருந்து நெற்றியில் சின்னக் கீறலோடு இறங்கியவர், “எனக்கு ஒண்டுமில்லை” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்து, மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழும்புகிறார். பொலிஸில் முறைப்பாடு இல்லை, வைத்தியசாலையில் பதிவு இல்லை. அவர் அந்த வாகனத்துக்குள் இருந்தார் என்பதற்கே சாட்சி இல்லை. உடம்பில் ஒரு துளி இரத்தம் கண்டாலும், கண்முன் ஒருக்கால் இருட்டினாலும், ஸ்பொட்டில் எதையும் முடிக்காதீர்கள். 119க்கும் 1990 சுவசெரியவுக்கும் அழையுங்கள். அவர்கள் வருவதற்குள் மற்ற வாகனத்தின் இலக்கத் தகட்டையும், முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தையும், சாரதியின் காப்புறுதி அட்டையையும் படம் எடுங்கள். எதிரே கடையில் சிசிடிவி இருந்தால் அன்றைக்கே கடைக்காரரிடம் கெஞ்சுங்கள். பழைய பதிவின்மேல் புதியது விழும். பொலிஸ் கேட்கப்போகும் நாளில் அது இருக்காது.

“நாங்களே பேசி முடிப்பம்” என்று சட்டைப்பையில் இருந்து இருபதினாயிரம் எடுத்து நீட்டுகிறவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்றில்லை. பயந்திருப்பார். ஆனால் அந்தக் காசை வாங்கிக்கொண்டு பொலிஸில் ‘சமாதானம்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், மூன்று கிழமை கழித்து எம்.ஆர்.ஐ. படத்தில் முள்ளந்தண்டு விலகியிருப்பது தெரியும்போது அந்தக் கையெழுத்துத்தான் முதலில் நீதிமன்றத்துக்கு வரும்.

கையெழுத்து என்றதும் இன்னொன்று. கொழும்பில் தமிழ்ச் சனத்துக்கு இது தனி ஆபத்து. பொலிஸில் உங்கள் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதுவார்கள். வலியில் இருப்பீர்கள், மழை பெய்யும், வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும். “மெதன அத்சன் கரன்ன” என்று விரல் காட்டும் இடத்தில் போட்டுவிட்டு வருவீர்கள். மூன்று வருடம் கழித்துப் பிரதிவாதியின் சட்டத்தரணி அதை வாசிப்பார்: நீங்கள் மஞ்சள் கடவையில் இருந்து பத்தடி தள்ளிக் கடந்தீர்கள் என்று அதில் இருக்கும். எழுதியவர் வேண்டுமென்று எழுதியிருக்கமாட்டார். ‘கிட்ட’ என்று நீங்கள் சொன்னதை அவர் விளங்கிக்கொண்ட விதம் அது. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆள் இல்லை என்றால், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வரியாக வாசிக்கவைத்து, பிழையைத் திருத்தியபின் கையெழுத்திடுங்கள். அன்றைக்கு முடியாவிட்டால் மறுநாள் போய் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம்.

வைத்தியசாலையிலும் இதே விழிப்பு வேண்டும். விபத்துச் சேவைப் பிரிவில் அனுமதிக்கும்போது, “எப்படிக் காயப்பட்டது?” என்று கேட்பார்கள். ‘விழுந்தேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். கார் அடித்தது என்றால் கார் அடித்தது என்றே எழுதப்படவேண்டும். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தாரா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். அவருடைய அறிக்கைதான் சின்னக் காயமா கடும் காயமா என்று சொல்லும். தனியார் வைத்தியசாலைக்கு மாறிப்போகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, கிளினிக் புத்தகம், பாமசி பில், ஓட்டோவுக்குக் கொடுத்த காசின் கணக்கு, எல்லாம் ஒரே கோப்பில். பாமசி பில்லில் மை மங்கிப்போகும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

வருமானத்தை எப்படிக் காட்டுவது? சம்பளத் துண்டு உள்ளவருக்குக் கவலையில்லை. வெள்ளவத்தையில் வீட்டில் டியூஷன் கொடுக்கிற ரீச்சருக்கும், புறக்கோட்டையில் நடைபாதையில் உடுப்பு விற்கிறவருக்கும், என் சின்னம்மாவுக்கும் என்ன துண்டு இருக்கிறது? அவருடைய கணக்கு அடுப்படிச் சுவரில் கரியால் கீறிய கோடுகள். கடைக்கு ஐம்பது, நூறு என்று அடுக்கடுக்காக. வீட்டுக்காரர் அடுத்த சித்திரைக்கு வெள்ளையடித்தபோது அதுவும் போனது. கடைக்காரர் ஒருவரிடம், “இவரிடம் நாளுக்கு இத்தனை வாங்கினேன்” என்று ஒரு கடிதம் வாங்கியிருந்தாலே ஆதாரமாகியிருக்கும். கைத்தொழில் செய்கிற வீட்டில் இன்றைக்கே ஒரு கொப்பி போடுங்கள். விபத்துக்குப் பிறகு எழுதிய கொப்பியை நீதிமன்றம் நம்பாது.

இப்போது கம்பனி கையெழுத்துக்கு நீட்டும் தாளைப் பற்றி. ஒருநாள் கம்பனியில் இருந்து அழைப்பு வரும். மேசையில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு பக்கம், பக்கத்தில் ஒரு காசோலை. அந்தப் பக்கத்தின் சாரம் இதுதான்: இந்தத் தொகையை முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொள்கிறேன், இனி இந்த விபத்துத் தொடர்பாக எவரிடமும் எதையும் கோரமாட்டேன். கையெழுத்து வைத்தால் கதை முடிந்தது. பிளேட்டைக் கழற்ற இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும், கால் அரை அங்குலம் கட்டையாகி இடுப்பு வலிக்கத் தொடங்கும், எதற்கும் திரும்பக் கேட்க முடியாது. நிரந்தரமாக எவ்வளவு குறை இருக்கும் என்று எலும்பு வைத்திய நிபுணர் எழுத்தில் தரும்வரை எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள். எலும்பு பொருந்தி நிலைமை தெளிய ஒரு வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதனால்தான் கலண்டரில் இரண்டாவது திகதி ஒன்றும் எழுதச் சொல்கிறேன்: விபத்தில் இருந்து பதினெட்டாவது மாதம். அதுவரை கதைக்கலாம். அன்றைக்குத் தீர்வு வரவில்லையென்றால் கதையை நிறுத்தாமலே புதுக்கடைக்குப் போய் வழக்கைப் பதியுங்கள். வழக்குப் பதிந்த பிறகு கம்பனி கதைக்காது என்று பயப்படவேண்டாம். விசாரணைக்கு முன்னரும் நடுவிலும் சமரசமாக முடிகிற வழக்குகள் ஏராளம். பதிந்த பிறகுதான் அவர்கள் குரலில் ‘பார்ப்பம்’ குறையும்.

யார்மேல் பதிவது என்பதும் லேசான காரியமல்ல. ‘ஓபன் பேப்பர்’ வாகனங்கள் இந்த ஊரில் எவ்வளவு ஓடுகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். ஓட்டியவர் ஒருவர், வாங்கியவர் இன்னொருவர், பதிவுப் புத்தகத்தில் இருப்பவர் ஐந்து வருடத்துக்கு முன்னே விற்றுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போனவர், மேலே லீசிங் கம்பனி வேறு. இலக்கத்தை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன விபரப் பத்திரத்தை முதல் மாதமே எடுங்கள். இரண்டு வருடத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது சொந்தக்காரரைத் தேடத் தொடங்கினால் தேடிக்கொண்டே காலம் முடியும். அடித்தது அரச திணைக்களத்தின் வாகனம் என்றால் இன்னும் கெதியாக: சட்டமா அதிபருக்கு ஒரு மாத அறிவித்தல் கொடுத்த பிறகுதான் வழக்குப் பதியலாம். இலக்கமே தெரியாமல் அடித்துவிட்டு ஓடிய வாகனம் என்றால், பொலிஸ் முறைப்பாட்டோடு தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையில் விசாரியுங்கள்.

பதிந்தாயிற்று. எவ்வளவு காலம்? ஒளிக்காமல் சொல்கிறேன்: வருடங்கள். உலக வங்கி 2020ஆம் ஆண்டு அறிக்கையில், கொழும்பில் ஒரு சாதாரண வியாபார ஒப்பந்த வழக்கை முடித்துக் காசைக் கையில் வாங்க 1,318 நாள் ஆகும் என்று கணக்கிட்டிருந்தது. அது மூன்றரை வருடத்துக்கும் மேல். காய வழக்கில் வைத்தியரைச் சாட்சிக்கு அழைக்கவேண்டும். அவர் இடமாற்றத்தில் மட்டக்களப்பில் இருப்பார், தவணை போகும். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை ஏற்காதவர் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதன்பின் அனுமதி பெற்று உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். விபத்து வழக்கல்ல என்றாலும் பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கு புதுக்கடையில் எல்லாருக்கும் தெரியும். 1992இல் ஒரு குழந்தை இறந்தது. மருத்துவக் கவனயீனம் என்று தந்தை வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் என்றது, மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை இலட்சமாகக் குறைத்தது, 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் இல்லாமல் செய்தது. பிள்ளையை இழந்த துயரத்துக்கு நட்டஈடு கேட்க நம் சட்டத்தில் அன்று இடமிருக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்க 2019இல் தனிச் சட்டமே வரவேண்டியிருந்தது. இன்று விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பம் அன்பையும் பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்கும் நட்டஈடு கேட்கலாம். இந்த மாற்றம் தெரியாமல் சாப்பாட்டுச் செலவை மட்டும் கணக்குப் பார்த்துக் கேட்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

காலம் இப்படி இழுக்கும்போது நீங்கள் கேட்ட தொகையும் தேய்கிறது. 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது நினைவிருக்கும். அதற்கு முன் பத்து இலட்சம் கேட்டு வழக்குப் பதிந்தவருக்கு, வென்றாலும் பத்து இலட்சம்தான். மனுவில் கேட்டதற்கு மேல் நீதிமன்றம் தராது. மனுவில் தொகையை எழுதும்போது எதிர்காலச் சிகிச்சை, எதிர்கால வருமானம், வலி எல்லாவற்றையும் நிதானமாகக் கணக்கிடச் சொல்லுங்கள். அவசரத்தில் ஒரு வட்ட எண்ணைப் போட விடாதீர்கள்.

வட்ஸ்அப்பில் வருகிற ஆலோசனைகளில் மிகக் கவனம். தமிழ்நாட்டு யூடியூப் சட்டத்தரணி, “மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடுங்கள்” என்று அழகாக விளக்குவார். அது அங்கே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ளது. நமக்கு அப்படியொரு தீர்ப்பாயம் கிடையாது. லண்டன் மச்சான் மூன்று வருடம் இருக்கிறது என்பார். இங்கிலாந்தில் இருக்கிறது, இங்கே இல்லை. ரொறன்ரோவில் யார் பிழை என்று பாராமலே தங்கள் காப்புறுதியில் இருந்து சிகிச்சைக்குக் காசு வரும். அதை நம்பி இங்கே ஒருவர் காத்திருந்தால் காத்திருந்ததுதான். விடுமுறைக்கு வந்து காலி வீதியில் அடிபட்டுத் திரும்பிப்போகிற வெளிநாட்டுச் சொந்தங்களும் கேளுங்கள்: விமானம் ஏறுமுன் இங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

வேலைக்குப் போகிற வழியில் அடிபட்டவருக்கு இன்னொரு கதவு இருக்கிறது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடைப்பட்ட பயணத்தையும் சேர்த்தார்கள். உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்தில் இருந்து இருபது இலட்சமாகக் கூட்டினார்கள். கடை முதலாளி இதை உங்களுக்குச் சொல்லமாட்டார். எந்தக் கதவைத் தட்டுவது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்ட பிறகு முடிவெடுங்கள். ஒன்றைத் தட்டினால் மற்றது மூடலாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்பவர்கள் புதுக்கடையிலேயே இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். நீதிமன்ற வாசலில், “கேஸ் என்ன, நான் முடிச்சுத் தாறன்” என்று கையைப் பிடிக்கிற தரகர்களிடம் வெற்றுத் தாளிலோ வெற்றுப் புரொக்சியிலோ கையெழுத்து வைக்காதீர்கள்.

போன கிழமை கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தாய் போன் எடுத்தார். மகனுக்கு இருபத்திரண்டு வயது, மோட்டார் சைக்கிளில் போகும்போது வான் அடித்து முழங்கால் போய்விட்டது. கம்பனிக்காரர் நல்ல மனிதர் தம்பி, பார்ப்பம் என்று சொல்லியிருக்கிறார் என்றார். எப்ப அடிபட்டது அக்கா என்று கேட்டேன். ஒரு வருடமும் பத்து மாதமும். இப்ப வழக்குப் போட்டால் அவர் கோவிப்பாரோ என்று கேட்டார். கோவிக்கட்டும் என்றேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு டாம் வீதிச் சந்தியில் நிற்கச் சொல்லியிருக்கிறேன், நானும் போகிறேன். கோப்பில் வாகன விபரப் பத்திரம் இல்லை. திங்கட்கிழமைக்குள் அதை எடுத்தாகவேண்டும்.